வோல்ட்டைப் பார்த்தவர்கள் ஹெர்ட்ஸையும் பாருங்கள்

அமெரிக்காவின் லயனல் பொம்மை ரயிலுக்கு மூன்று தண்டவாளங்கள். நடுத் தண்டவாளத்தில் வரும் மாறுதிசை மின்சாரம் ஓரத் தண்டவாளங்கள் வழியே திரும்பும். எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாருக்கு 60 ஹெர்ட்ஸும் 50 ஹெர்ட்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிநாட்டுக்குப் போனால் சிக்கிக்கொள்வது ரயில் அல்ல, சுவரில் செருகும் டிரான்ஸ்ஃபார்மர்.

லயனல் 1948இல் கொண்டுவந்த 'இசட்.டபிள்யூ.' டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அருமையான கருவி அது. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதற்கென்றே சுற்றப்பட்டது. அதை 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். எனவே 230ஐ 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் ஒன்றை வாங்கி நடுவில் வைக்கிறார்கள். ரயில் ஓடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வழக்கத்தைவிட உரக்க ரீங்கரிக்கும், தொட்டால் சுடும்.

காரணம் ஹெர்ட்ஸ். வோல்ட் ஒரு திசையில் தள்ளும் அரைச் சுற்று முழுவதும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப்புலம் ஏறிக்கொண்டே போகிறது. திசை மாறியதும் இறங்குகிறது. 60 ஹெர்ட்ஸில் அந்த அரைச் சுற்று 8.3 மில்லிநொடி. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிநொடி. அதே 120 வோல்ட் கூடுதல் நேரம் தள்ளுவதால் காந்தப்புலம் 20 சதவீதம் அதிகமாக ஏற முயல்கிறது. பொம்மை டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பைத் தாராளமாக வைப்பதில்லை. ஓர் எல்லைக்கு மேல் இரும்பால் காந்தம் ஏற்க முடியாது. அப்போது சுருளில் மின்னோட்டம் எகிறி, எல்லாம் வெப்பமாகிறது. ஒரு மாலை நேரம் தாங்கலாம். ஆனால் பழைய சுருளின் காப்புப்பூச்சு மெல்ல மெல்லக் கருகும்.

ஆக, பார்க்க வேண்டியது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண்ணை. 120ஐ 60ஆல் வகுத்தால் 2. 50 ஹெர்ட்ஸில் அதே 2 வர வேண்டுமானால் 100 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். அப்போது தண்டவாளத்துக்கு வரும் அதிகபட்ச 20 வோல்ட் ஏறக்குறைய 17 ஆகக் குறையும். வேகம் சற்றுக் குறைவதைத் தவிர வேறு இழப்பில்லை.

இந்த 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் டோக்கியோவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1890களில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கின. அதனால் இன்றும் கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. அந்தப் பழைய லயனல் டிரான்ஸ்ஃபார்மரை டோக்கியோவில் அப்படியே செருகலாம்; பிளக்கின் தட்டைக் கம்பிகள்கூட ஒரே மாதிரிதான்.

எதிர்த்திசைப் பயணம் எளிது. ஜெர்மனியின் மார்க்லின் டிரான்ஸ்ஃபார்மரை அமெரிக்காவில் செருகினால் பாதி வோல்ட்தான் கிடைக்கும். ரயில் நத்தையாக ஊரும், அவ்வளவே. வோல்ட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டால் 60 ஹெர்ட்ஸில் இரும்புக்குச் சுமை குறையத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பயணிகளுக்கென்று விற்கும் கையடக்கமான, எடையே இல்லாத 'கன்வெர்ட்டர்'களில் பல, மின்னலையை வெட்டிக் கொடுப்பவை. ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டிக்கு அது போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகாது.

புதிய டிஜிட்டல் ரயில்களில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சுவர் மின்சாரத்தை அடாப்டர் முதலில் நேர்மின்சாரமாக்கிவிடுகிறது. தண்டவாளத்தில் ஓடும் சைகையைக் கட்டுப்பாட்டுக் கருவியே உண்டாக்குகிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் பொம்மை ரயில் கொண்டுவந்தால் முதலில் லேபிளைப் படியுங்கள். '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் பிளக் அடாப்டர் போதும். '60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால், 100 வோல்ட் தரும், போதிய வாட் உள்ள, கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்குங்கள். பழைய கருவியானால், குழந்தைகள் கையில் கொடுக்கும் முன் வயரை ஓர் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.