தேனும் வெல்லமும் சர்க்கரையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஏற்காட்டிற்குச் சென்றவர்கள் மிளகு, காப்பித்தூளுடன் தேன் புட்டிகளும் அடுக்கி விற்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். 'வெள்ளைச் சர்க்கரைதான் விஷம். தேனும் வெல்லமும் எவ்வளவு உண்டாலும் நல்லது' என்பது சேர்வராயன் மலையிலும் சமவெளியிலும் ஒருங்கே வழங்கும் பேச்சு. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் என் தாயாருக்கு நீரிழிவு உண்டு. அவரும் சர்க்கரையை நிறுத்திவிட்டு வெல்லக் காப்பிதான் அருந்துகிறார். ஆகவே எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

சர்க்கரை என்பது சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் பிணைந்த மூலக்கூறு அது. நம் சிறுகுடலிலுள்ள நொதி அப்பிணைப்பை அறுத்துவிடுகிறது. தேனிலோ, அவ்வேலையைத் தேனீயின் நொதியே முன்னதாக முடித்துவிடுகிறது! 100 கிராம் தேனில் ஏறத்தாழ 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 கிராம் நீர். இரத்தத்தில் போய்ச் சேர்பவை இரண்டிலும் அதே சர்க்கரைகள்தாம். மேலும், தேன் கனமானது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம், 16 கலோரி. அதே கரண்டித் தேன் 7 கிராம், 21 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையும் தேனிலுள்ள இனிப்பைச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டே என்பர். உண்டு, 100 கிராமில் சில மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பரிந்துரை கூறுகிறது. அதனை வெல்லத்தால் நிரப்ப முனைந்தால் அரைக் கிலோவுக்கு மேலும் உண்ண நேரும். முருங்கைக்கீரை எளிதன்றோ! இன்னொன்று: நம் சேலம் மாவட்டத்திலேயே வெல்லத்தில் சர்க்கரையைக் கலப்பதை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். வெளிர் மஞ்சள் நிறத்திற்காக 'ஹைட்ராஸ்' என்னும் வேதிப்பொருளையும் சேர்க்கிறார்கள். சர்க்கரைக்கு அஞ்சி வெல்லம் வாங்குவோர் காசு கொடுத்துச் சர்க்கரையையே உண்கிறார்கள். வாங்குவதானால் கறுத்த வெல்லமே மேல்.

சுவையும் மணமும் வேண்டித் தேனை அளவோடு உண்பதில் குறையில்லை. குளிரில் அது உறைந்தால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். குளுக்கோஸ் படிகமாவது இயல்பே. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலை அது தணிப்பதும் உண்மை. ஆனால் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். பச்சிளங்குழந்தையின் தசைகள் தளர்ந்து மூச்சே தடைப்படலாம்.