குற்ற விவரணங்களின் தோற்றுவாய்

நூல் ஒன்றைக் கற்கப் புகுவோன் முதற்கண் அதன் பாயிரத்தைக் கேட்டல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. நூலைச் செய்தவர் யாவர், அது நுதலிய பொருள் யாது, கேட்டற்கு உரியார் யாவர், கேட்டலாற் பெறும் பயன் யாது என்னும் இவற்றை முன்னரே விளக்கி, ஐயமகற்றி, அதன் பின்னரே மாணாக்கனை நூலினுட் புகவிடுதல் பாயிரத்தின் தொழிலாகும். மேனாடுகளிற் பெருகி, இன்று தொலைக்காட்சி வாயிலாகவும் கைத்தொலைபேசி வாயிலாகவும் நம் இல்லந்தோறும் புகுந்துள்ள குற்ற விவரணப் படங்களின் தோற்றுவாயோ இதற்கு மறுதலையான தொழிலைச் செய்கின்றது. பேசுகின்றவன் யார் என அது சொல்லாது. நிகழ்ந்தது யாதென முழுதுங் கூறாது. ஐயத்தை அகற்றாது, விளைவிக்கும். அங்ஙனமிருந்தும் காண்போர் எழுந்து செல்வாரல்லர்.

"முதல் ஐந்து நிமிடத்துள்ளேயே எங்களைக் கட்டிப் போட்டு விடுகிறது, ஐயா" என்று எம் கல்லூரி உயர்வகுப்பு மாணவர் கூறுவர். சிறுகதையும் கட்டுரையும் எவ்வாறு தொடங்குதல் வேண்டும் என யான் வகுப்பிற் பேசும்போதெல்லாம் அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டு வருவன இத்தகைய படங்களே. அவற்றைப் பயனற்றவை என ஒதுக்குதல் எளிது. ஆயின், கட்டுகின்ற கயிறு யாது, அக்கயிறு நம்மை எங்கே இட்டுச் செல்கின்றது என ஆராய்தலே ஆசிரியனுக்கு அழகு. ஆதலின் அதனையே ஈண்டு ஆராய்வாம்.

ஆவல் என்பது யாதும் அறியாமையாற் பிறப்பதன்று. பாதி அறிந்தமையாற் பிறப்பது. திகிற் படங்கள் இயற்றிப் புகழ்பெற்ற அல்பிரட் ஹிட்ச்கொக் இதனை ஓர் எளிய உவமையால் விளக்கினார். இருவர் ஒரு மேசையருகே இருந்து வீண்பேச்சுப் பேசுகின்றனர். திடீரென மேசையின் கீழிருந்த குண்டு வெடிக்கின்றது. காண்போர்க்குச் சில விநாடித் திடுக்கீடு, அவ்வளவே. குண்டு கீழே இருப்பதனைக் காண்போர்க்கு மட்டும் முன்னரே காட்டிவிடின், அதே வீண்பேச்சு நெடுகிலும் அவர் நெஞ்சு துடித்துக் கொண்டேயிருக்கும். சொல் மாறவில்லை, கேட்போர் அறிவு மாறியது. பதற்றத்தின் சூத்திரம் இதுவே என்க.

இதனை உரைநடையில் நிறுவிக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி. 1959 நவம்பரில், கன்சாஸ் மாநிலத்து ஹொல்கொம் என்னும் சிற்றூரில், ஒரு குடும்பத்தார் நால்வர் தம் இல்லத்துள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து அவர் எழுதிய 'இன் கோல்ட் பிளட்' 1966இல் நூலுருப் பெற்றது. அந்நூல் கொலையோடு தொடங்கவில்லை. கோதுமை வயல்களின் நடுவே தனித்துக் கிடக்கும் ஓர் ஊரின் அமைதியோடு தொடங்குகின்றது. ஆயினும் முதற் பகுதி முடியுமுன்னரே, நான்கு வெடியோசைகளால் ஆறு உயிர்கள் முடிவெய்தின என்பதைப் படிப்போர்க்கு ஆசிரியர் அறிவித்து விடுகின்றார். இறந்தவர் நால்வர், கொன்றவர் இருவர் 1965இல் தூக்கிலிடப்பட்டனர். இதனை அறிந்த பின்னர், அக்குடும்பத்துத் தலைவர் தம் நிலத்தைச் சுற்றி வருதலும், மகள் அயல் வீட்டுச் சிறுமிக்குச் சமையல் கற்பித்தலும் நமக்குச் சாதாரண நிகழ்ச்சிகளாகத் தோன்றுவதில்லை. குண்டு மேசையின் கீழே வைக்கப்பட்டாயிற்று.

நூலில் நிகழ்ந்த இதுவே படத்தில் எங்ஙனம் நிகழும் என்பதற்கு, 1988இல் எரொல் மொறிஸ் இயற்றிய 'த தின் புளூ லைன்' என்னும் விவரணப் படத்தை எடுத்துக் கொள்வோம். இரவு வேளையில் டலஸ் நகரத்து உயர்ந்த கட்டடங்கள் ஒளியோடு நிற்கின்றன. பிலிப் கிளாஸ் அமைத்த இசை, முடிவுறாத வினாவைப் போல, ஒரே வட்டத்திற் சுழன்று சுழன்று வருகின்றது. ஒருவர் பேசத் தொடங்குகின்றார். தாமும் தம் சகோதரரும் ஒகாயோ மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டதையும், இடைவழியில் டலஸ் நகரை அடைந்ததையும், அங்கே தமக்கு வேலை கிடைத்ததையும் அமைதியாகக் கூறுகின்றார். பின்னர் அவரினும் இளையரான மற்றொருவர் தோன்றி, வீட்டை விட்டு ஓடியதையும், வண்டியொன்றைக் களவு செய்ததையும், துப்பாக்கி எடுத்து வந்ததையும் கூறுகின்றார். இருவர் பெயரும் எழுதிக் காட்டப்படவில்லை. இவர் நல்லவர், இவர் தீயவர் என எடுத்துரைக்கும் விளக்கக் குரலும் இல்லை. ஒருவர் வெண்ணிற ஆடை அணிந்துள்ளார். மற்றவர் செம்மஞ்சள் நிற ஆடை அணிந்துள்ளார். இடையிடையே பொலிஸ் வண்டியின் சிவப்பு விளக்குச் சுழல்கின்றது. இரு தெரியாதவர்களின் வழிகள் ஒரு நாளிற் சந்திக்கின்றன. அதன் பின்னர், நடித்துக் காட்டும் காட்சியாக, இருளிலே ஒரு பொலிஸ் அதிகாரி சுடப்படுகின்றார். சுடுபவன் முகம் தெளிவுறக் காட்டப்படவில்லை.

இத்தோற்றுவாயில் மறைக்கப்பட்டவை எவை என எண்ணிப் பார்ப்போர் வியப்படைவர். பேசும் இருவரும் சிறைப்பட்டோர் என்பது வெளிப்படக் கூறப்படவில்லை. இளையவர் தம் தலையைச் சொறியக் கையை உயர்த்தும்போது விலங்கு பூட்டப்பட்டிருத்தலைப் படத்தின் கடைக்கூற்றிலேதான் நாம் காண்கின்றோம். ஆயின் மறைத்தல் வேறு, பொய் கூறல் வேறு. மொறிஸ் மறைத்தவை அனைத்தும் பின்னர்த் தக்க இடத்தில் வெளிவருவன. அவர் காட்டியவற்றுள் எதனையும் பின்னர்த் திரும்பப் பெற்றுக் கொள்ள வேண்டிய நிலை நேரவில்லை. பெயரையும் பட்டத்தையும் நீக்கியமையால் நாம் முகத்தையும் குரலையும் சொல்லையும் மட்டுமே கொண்டு ஆராய வேண்டியவராகின்றோம். வழக்கு மன்றத்திலே யூரர் இருக்கும் இருக்கையில், நம்மைக் கேளாமலே, நம்மை இருத்தி விடுகின்றார்.

அவ்விருக்கை எத்துணைப் பாரமானது என்பதை வழக்கின் வரலாறு தெரிவிக்கும். 1976 நவம்பர் 28ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், முகப்பு விளக்கேற்றாது சென்ற வண்டியொன்றை நிறுத்திய றொபேட் வூட் என்னும் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். பதினாறு வயதினனான டேவிட் ஹரிஸ், கொன்றவர் தன்னோடு அன்று பகல் உடனிருந்த றண்டல் டேல் அடம்ஸ் என்று கூறினான். 1977இல் அடம்சுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1979இல் தண்டனை நிறைவேற்றக் குறித்த நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போதே அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1980இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கிற்று. அதன் பின்னர் அது ஆயுட் சிறையாக மாற்றப்பட்டது. மொறிஸ் முதலில் ஆராயச் சென்றது அடம்சை அன்று. மரண தண்டனை வழக்குகளில் அரசின் பக்கம் சாட்சி கூறிவந்த ஒரு மனநோய் மருத்துவரையே. அவ்வாராய்ச்சியின் இடையிலேதான் அடம்சைச் சந்தித்தார். படம் வெளிவந்த மறு ஆண்டு, 1989 மார்ச்சில், குற்றத் தீர்ப்பு நீக்கப்பட்டு அடம்ஸ் விடுதலை பெற்றார். அவர் இழந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். வேறொரு கொலைக்காக ஹரிஸ் 2004இல் மரண தண்டனை அடைந்தார்.

அச்சம் என்னும் மெய்ப்பாடு தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் எனத் தொல்காப்பியம் கூறும். கள்வரையும் அரசையும் ஒரு நிரையில் வைத்த அவ்வறிவு வியக்கத்தக்கது. குற்ற விவரணத்தைக் காண அமர்வோன் கள்வர்க்கு அஞ்சியே அமர்கின்றான். இருளும் துப்பாக்கியும் அவ்வச்சத்தை வளர்க்கின்றன. மொறிசின் தோற்றுவாயோ அவ்வச்சத்தினுள்ளே இன்னொன்றை விதைத்து வைக்கின்றது. வழியிற் சென்ற ஒருவர், எரிபொருள் தீர்ந்த ஒரு நாளில், யாரோ ஒருவனது வண்டியில் ஏறிய அளவிலே, அரசு தன் முழு வலிமையோடும் அவர்மேற் கவிழ்தல் கூடும் என்னும் அச்சமே அது. சுழலும் சிவப்பு விளக்கு முதலிற் காவலின் குறியாகத் தோன்றுகின்றது. வழக்கு விரிய விரிய, அதே நிறம் நம்மைத் துன்புறுத்துகின்றது. பதற்றத்தை ஊட்டுதல் பலர்க்கும் இயலும். அப்பதற்றம் படம் முடிந்த பின்னும் நினைவில் நின்று ஒரு கேள்வியாக முதிர்தல் அரிது.

எல்லாத் தோற்றுவாய்களும் இத்தகையன அல்ல. 2015இல் வெளிவந்த 'மேக்கிங் எ மர்டரர்' என்னும் பத்துப் பகுதித் தொடர், செய்யாத குற்றத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகள் சிறையிருந்த ஒருவர் 2003இல் வீடு திரும்பும் மகிழ்ச்சியோடு தொடங்குகின்றது. உறவினர் தழுவுகின்றனர், நம் கண்களும் கசிகின்றன. அந்நிகழ்ச்சி உண்மையே. ஆயினும் பின்னர் அவர்மேல் எழும் கொலை வழக்கை நாம் ஆராயப் புகுமுன்னரே நம் நெஞ்சம் அவர் பக்கம் சாய்ந்து விடுகின்றது. அவர் 2007இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அத்தீர்ப்பின் சரி பிழையைப் பேசுதல் என் கருத்தன்று. உண்மைச் செய்தியே, வைக்கப்பட்ட இடத்தின் சிறப்பால், சாட்சியாக மாறி விடுகின்றது என்பதே என் கருத்து. கொலையுண்ட இளம்பெண்ணுக்கோ அம்முகப்பிலே பேச நாவில்லை. மொறிசின் படத்திலும் வூட் என்பவரின் வாழ்வு மிகச் சிறிதே பேசப்படுகின்றது. இறந்தோர் மௌனத்தின் மேலேதான் இப்பதற்றங்கள் யாவும் கட்டப்படுகின்றன என்பதை மறத்தல் ஆகாது.

பிழைபட்ட தீர்ப்பையே கருவாகக் கொண்ட காப்பியம் நம்மிடமும் உண்டு. அதன் பதிகத்தை இவ்விடத்து நினைவு கூர்தல் பொருந்தும். சிலப்பதிகாரப் பதிகத்திற் குன்றக் குறவர் வந்து, வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்தாளாய் நின்ற ஒருத்தி விண்ணுலகஞ் சென்றதைத் தம் கண்ணாற் கண்டதாகக் கூறுகின்றனர். கண்டவர் கூற்று முன்னே, காரணம் பின்னே. அவள் யார், அங்ஙனம் ஆயது ஏன் என்னும் வினா எழுந்த அளவிலே, உடனிருந்த சாத்தனார் தாம் அறிவேன் என மதுரையில் நிகழ்ந்ததைச் சொல்கின்றார். சிலம்பு, பொற்கொல்லன், ஆராயாது கொல்வித்த வேந்தன் ஆகிய அனைத்தும் அங்கேயே வெளிப்பட்டு விடுகின்றன. முடிவை அறிந்த பின்னும் நூலை நாம் விடுவதில்லை. கோவலன் சிலம்போடு மதுரை வீதியில் நடக்கும்போது நம் நெஞ்சு நடுங்குவது முடிவை அறிந்தமையாலன்றோ? பொற்கொல்லன் சொல்லொன்றையே தோற்றுவாயாகவும் முடிவாகவும் கொண்டு தீர்ப்பளித்த வேந்தன் செய்த பிழை, டலஸ் நகரத்து மன்றிலும் நிகழ்ந்தது. ஒரு தோற்றுவாயைக் கண்ட அளவிலே மனத்துள் தீர்ப்பெழுதும் நம்மிடத்தும் நிகழ்வது அதுவே.

ஆதலின், இப்படங்களைக் காணும் மாணவர்க்கு யான் ஒரு பயிற்சி கூறுவதுண்டு. முதல் ஐந்து நிமிடம் முடிந்ததும் படத்தை நிறுத்துக. ஒரு தாளில் நெடுகக் கோடொன்று கீறி, இடப்பக்கத்தே, 'யான் அறிந்தவை' எனவும், வலப்பக்கத்தே, 'யான் நம்புபவை' எனவும் எழுதுக. பேசியவர் யார், பேசாதவர் யார், இசை எவ்விடத்தில் எழுந்தது, எவ்விடத்தில் அடங்கியது என்பனவற்றையுங் குறித்துக் கொள்க. பின்னரே மீதியைக் காண்க. படம் முடிந்தபின் வலப்பக்கத்தினின்று இடப்பக்கத்துக்குச் சான்றோடு மாற்றத்தக்கவை எத்தனை என எண்ணிப் பார்க்க. சென்ற தவணையில் இவ்வாறு எழுதி வந்த மாணவன் ஒருவனது தாளில் இடப்பக்கம் மூன்று வரியும், வலப்பக்கம் தாள் நிறையவும் இருந்தன. அவன் அதைக் கண்டு நெடுநேரம் பேசவில்லை. அன்று யானும் வேறு பாடம் நடத்தவில்லை.