இரட்டையரில் திருச்சிக்காரர்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் விழாவோ கல்யாண வரவேற்போ, மெல்லிசைக் கச்சேரி என்றால் பழைய பாட்டுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கிவிடுவார்கள். ‘பாசமலர்’ படத்திலிருந்து ஒன்று, ‘படகோட்டி’யிலிருந்து ஒன்று, ‘ஆயிரத்தில் ஒருவ’னிலிருந்து ஒன்று நிச்சயம் உண்டு. பாடகர் மைக்கைப் பிடித்ததும் அறிவிப்பாளர் சொல்வார்: “அடுத்ததாக, எம்.எஸ்.வி. இசையில்…” கூட்டம் கைதட்டும். அந்தப் படங்களின் டைட்டிலில் இருப்பது ஒரு பெயர் அல்ல, இரண்டு. விஸ்வநாதன் – ராமமூர்த்தி. மற்ற ஊர்க்காரர்கள் இரண்டாவது பெயரை விட்டுவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருச்சி விடக் கூடாது. டி.கே.ராமமூர்த்தியின் ‘டி’ திருச்சிராப்பள்ளி.

1922 மே 15 அன்று இந்த ஊரில் பிறந்தவர் அவர். தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கர்நாடக இசை உலகம் மறக்க முடியாத வயலின் வித்வான். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின், பக்கவாத்தியங்கள் மேடை நிறைந்த ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளில் உட்கார்ந்தவர். பாப்பா வெங்கடராமய்யருக்குக் குரு. அப்பா கிருஷ்ணசாமிப் பிள்ளையும் வயலின்காரர்தான். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனுக்கு வில் பிடிக்கத் தெரிந்ததில் வியப்பில்லை. நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. அந்தக் குடும்பத்தின் தொழில் பக்கவாத்தியம். பாடகர் ராகத்தை எடுத்தால் அதை நிழல்போலத் தொடர வேண்டும். அவர் விட்ட இடத்தில் வாங்கி வாசிக்க வேண்டும். அவர் தடுமாறினால் சபைக்குத் தெரியாமல் தூக்கிவிட வேண்டும். கச்சேரி முடிந்ததும் ‘இன்னார் பாட்டு அபாரம்’ என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கலையும். பின்னால் ராமமூர்த்திக்கு நேர்ந்ததையெல்லாம் படிக்கும்போது இந்தப் பரம்பரைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

சிறு வயதிலேயே இசைத்தட்டுக் கம்பெனிகளின் வாத்தியக் குழுவில் வயலின் வாசிக்கத் தொடங்கிய ராமமூர்த்தி, 1940களின் முடிவில் சி.ஆர்.சுப்பராமனின் குழுவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே இன்னொரு திருச்சிக்காரரும் இருந்தார்: பிற்காலத்தில் கன்னடத்திலும் தமிழிலும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற டி.ஜி.லிங்கப்பா. ஹார்மோனியம் வாசிக்க அந்தக் குழுவில் சேர்ந்த இளைஞர், பாலக்காடு எலப்புள்ளியில் பிறந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டு கற்று, ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை பார்த்து, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் சிபாரிசில் வந்தவர். எம்.எஸ்.விஸ்வநாதன். ராமமூர்த்தியைவிட ஆறு வயது இளையவர்.

1952 ஜூனில் சுப்பராமன் இறந்தார். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. ‘தேவதாஸ்’ உள்ளிட்ட படங்கள் பாதியில் நின்றன. அவற்றை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு வயலின்காரர் தலையிலும் ஹார்மோனியக்காரர் தலையிலும் விழுந்தது. குருநாதரின் வேலையைச் சேர்ந்து முடித்தவர்கள் அப்படியே சேர்ந்திருந்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. வடக்கே சங்கர் – ஜெய்கிஷன் இரட்டையர் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதே ஆண்டு தான் இயக்கிய ‘பணம்’ படத்தை இருவரிடமும் ஒப்படைத்தார். பெயர் வரிசையைத் தீர்த்துவைத்ததும் அவர்தான் என்பார்கள். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் சின்னவன் முன்னால் நிற்கட்டும், பெரியவர் பின்னால் நின்று தாங்கிக்கொள்ளட்டும் என்றாராம் கலைவாணர். மூத்தவர் ஒப்புக்கொண்டார். பக்கவாத்தியக்காரரின் பேரனுக்கு அது இழிவாகத் தோன்றவில்லை போலும்.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் வந்த படங்களை எழுதினாலே பக்கம் நிறையும். ‘பதிபக்தி’, ‘பாகப்பிரிவினை’, ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘ஆலயமணி’, ‘பெரிய இடத்துப் பெண்’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பொதுவாக இருந்த சொத்து இவர்கள் இசை. அகில இந்திய வானொலியில் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்திய ஐம்பதுகளில், இலங்கை வானொலியின் வழியே இவர்கள் பெயர் வீடு வீடாகப் போனது.

அந்தக் காலத்து ஒலிப்பதிவு எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் இரண்டாவது ஆளின் வேலை புரியும். இன்றுபோலத் தனித்தனியாக வாசித்து ஒட்டுவது கிடையாது. பாடகர், வயலின் வரிசை, தபலா, புல்லாங்குழல், கிட்டார், அக்கார்டியன் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசையை யார் எங்கே எடுக்க வேண்டும், வயலின்கள் எந்த ஸ்வரத்தில் நுழைந்து எங்கே விலக வேண்டும் என்பதையெல்லாம் நோட்ஸாக எழுதி, வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, ரிகர்சல் பார்த்துத் தயார்செய்வது தனிக் கலை. ‘கர்ண’னில் ஷெனாயும் சாரங்கியும் சந்தூரும் கர்நாடக ராகங்களை நன்கறிந்த ஒரு காதின் மேற்பார்வையில் எப்படி அமைந்திருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ‘மெட்டு விஸ்வநாதன், வாத்திய அமைப்பு ராமமூர்த்தி’ என்று சிலர் கோடு கிழிப்பதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விஸ்வநாதனுக்கு வாத்தியம் தெரியாதா, ராமமூர்த்திக்கு மெட்டு வராதா? ஒரே பாட்டில் இருவர் மூச்சும் கலந்திருக்கிறது. பிரித்து எடுக்க வழியில்லை.

ஸ்ரீரங்கமும் இந்தக் கதைக்குள் வருகிறது. திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், வாலி என்ற பெயரோடு சென்னையில் வாய்ப்புத் தேடி ஓய்ந்து, ஊரைவிட்டே கிளம்பிவிடலாம் என்றிருந்த நேரம். பி.பி.ஸ்ரீனிவாஸ் ‘சுமைதாங்கி’யில் தான் பாடியிருந்த பாட்டைப் பாடிக்காட்ட, அதைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டதாக வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். வரிகள் கண்ணதாசனுடையவை, இசை இந்த இரட்டையருடையது. அடுத்த ஆண்டு, 1963இல், ‘கற்பகம்’ வந்தது. எல்லாப் பாட்டும் வாலி. பிறகு ‘படகோட்டி’. விஸ்வநாதனைச் சந்திக்கும்முன் சாப்பாட்டுக்கு வழியில்லை, சந்தித்தபின் சாப்பிட நேரமில்லை என்று வாலி நன்றியோடு சொன்னது ஊரறிந்த செய்தி. அந்த நன்றியிலும் ஒரு பெயர்தான் இருக்கிறது. வாலியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிரிவுக்குப் பிறகு விஸ்வநாதனோடு அவர் பணிசெய்த ஆண்டுகள் மிக நீண்டவை. ஆனாலும் ஸ்ரீரங்கத்துக் கவிஞர் வாயிலேயே திருச்சிக்காரர் பெயர் நழுவுகிறது என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

1963இல் திருவல்லிக்கேணி கல்ச்சுரல் அகாடமி நடத்திய விழாவில் சிவாஜி கணேசன் கையால் இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம் கிடைத்தது. 1965 ஜூலையில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியானது. அதோடு பிரிந்துவிட்டார்கள்.

ஏன் என்பதற்கு அரை நூற்றாண்டாகக் கதைகள் உலவுகின்றன. கூட இருந்தவர்கள் கோள் மூட்டினார்கள் என்று ஒன்று. பத்திரிகைகள் ஒருவரையே தூக்கிப் பிடித்தன என்று ஒன்று. பணம் என்று இன்னொன்று. சம்பந்தப்பட்ட இருவரும் மேடையேறி ஒருவரையொருவர் தூற்றியதில்லை, கோர்ட் படி ஏறியதில்லை. அவர்களே விரிக்காததை நான் விரிக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தொழில் நடந்த விதத்திலேயே விரிசலுக்கு இடம் இருந்தது என்பது என் எண்ணம். கம்போசிங் அறையில் தயாரிப்பாளரும் இயக்குநரும் கவிஞரும் உட்கார்ந்திருக்க, ஹார்மோனியத்தின் முன்னால் இருந்து பாடிக்காட்டுபவர் விஸ்வநாதன். வாயைத் திறந்தால் குழந்தைபோல உருகவும் சிரிக்கவும் தெரிந்தவர். பணம் போடுகிறவர்களுக்கு அந்த முகம்தான் தெரியும். வயலின்காரரின் உழைப்பு அதற்குப் பிறகு, வாத்தியக்காரர்கள் நடுவே தொடங்குகிறது. அங்கே முதலாளி உட்கார்ந்திருப்பதில்லை. கூட்டுக்குடும்பத்து நிலத்தில் இருவரும் உழுதாலும் பட்டா ஒருவர் பேரில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது இது. ஒருநாள் கேள்வி எழத்தான் செய்யும்.

இவர்களுக்கு முன்மாதிரியாக இருந்த சங்கர் – ஜெய்கிஷன் ஜோடியிலும் அறுபதுகளில் கசப்பு வந்தது. பாடகி சாரதாவை சங்கர் முன்னிறுத்தியது அதில் முக்கியப் பங்கு வகித்தது. தனித்தனியாக மெட்டமைத்தாலும் பெயரை மட்டும் அவர்கள் உடைக்கவில்லை. 1971இல் ஜெய்கிஷன் இறந்த பிறகும் சங்கர் இரட்டைப் பெயரிலேயே இசையமைத்தார். மேற்கத்திய ராக் குழுக்களில் சண்டையே பெயருக்காகத்தான். பிங்க் ஃபிளாய்டிலிருந்து 1985இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், மற்றவர்கள் அந்தப் பெயரில் தொடரக் கூடாது என்று மறு ஆண்டு கோர்ட்டுக்குப் போனார். நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றது 2005இல் லண்டன் ஹைட் பார்க்கில், அதுவும் ஒரே ஒரு மாலை. பிளாக் சாபத்தின் டிரம்ஸ் கலைஞர் பில் வார்டு, ஒப்பந்தத் தகராறில் குழுவின் 2013ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து விலகி நின்றார். 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில் கடைசிக் கச்சேரிக்கு நால்வரும் சேர்ந்தார்கள். பதினேழு நாளில் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் காலமானார்.

நம்மூர்ப் பிரிவில் வழக்கு இல்லை, வசை இல்லை. ஆனால் கணக்குத் தீர்க்கவும் யாரும் இல்லை. எம்.ஜி.ஆர். படங்களும் சிவாஜி படங்களும் பெரும்பாலும் விஸ்வநாதன் பக்கம் நின்றன. அவர் தனியாகச் செய்த ‘அன்பே வா’வும் ‘சிவந்த மண்’ணும் ‘உயர்ந்த மனித’னும் அவருடைய மேதைமைக்குச் சாட்சி. அவரைக் குறைத்துத்தான் ராமமூர்த்தியை உயர்த்த வேண்டும் என்பதில்லை. அப்படிச் செய்பவர்கள் இருவர் பாட்டையும் சரியாகக் கேட்காதவர்கள். என் கோபம் வேறு. 1952 முதல் 1965 வரை சேர்ந்து விளைந்ததை, 1965க்குப் பிறகு யார் அதிகம் தெரிந்தவரோ அவர் கணக்கில் நாம் எழுதிவிட்டோம். எஃப்.எம். ரேடியோவிலும் டிவி பாட்டுப் போட்டிகளிலும் இந்த அநியாயம் தினமும் நடக்கிறது. இன்னொரு பெயரைச் சேர்த்துச் சொல்ல ஒரு விநாடி போதும்.

தனியாக நின்ற ராமமூர்த்திக்கு வந்த படங்கள் குறைவு. 1966இல் ‘தேன்மழை’, ‘சாது மிரண்டால்’, முரசொலி மாறன் இயக்கிய ‘மறக்க முடியுமா’. கலைஞர் எழுதி பி.சுசீலா பாடிய ஒரு பாட்டு கடைசியாகச் சொன்ன படத்தை இன்றும் தாங்கி நிற்கிறது. இயக்குநர் டி.ஆர்.ராமண்ணா ‘நான்’, ‘மூன்றெழுத்து’, ‘தங்கச் சுரங்கம்’ என்று அடுத்தடுத்துக் கொடுத்தார். எழுபதுகள் தொடங்கியபின் வரத்து வற்றிப்போனது.

1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் இரட்டைப் பெயர் திரும்ப வந்தது. முப்பது ஆண்டு இடைவெளி. ‘ரோஜா’ வந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது, தமிழ்நாட்டின் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆனாலும் இரண்டு முதியவர்கள் பழைய பிணக்கை ஒதுக்கிவிட்டு ஒரே படத்துக்கு வேலை செய்ததை நான் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

2012 ஆகஸ்ட் 29 அன்று ஜெயா டிவி விழாவில் முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ பட்டமும் ஆளுக்கு 60 பொற்காசும் ஒரு காரும் வழங்கினார். அப்போது அவர் ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவர் தமிழில் நடித்த முதல் படமான ‘வெண்ணிற ஆடை’க்கு இரட்டையர் இசை. ராமமூர்த்தி தனியாக வெற்றி கண்ட ‘நா’னிலும் ‘மூன்றெழுத்’திலும் அவர்தான் நாயகி. இருவரையும் சமமாக நிறுத்திச் செய்த மரியாதை, மிகத் தாமதமாக என்றாலும், ராமமூர்த்தி உயிரோடு இருக்கும்போதே நடந்தது. 2013 ஏப்ரல் 17 அன்று, 91 நிறைய ஒரு மாதம் இருக்கையில், அவர் சென்னையில் இறந்தார். ஜூலையில் வாலி போனார். 2015 ஜூலையில் விஸ்வநாதன்.

திருச்சி வானொலி 1939 முதல் ஒலிபரப்பாகிறது. மே 15 அன்று ஒரு மணி நேரம் ராமமூர்த்திக்கு ஒதுக்குவது அதற்குக் கடினமில்லை. இரட்டையர் பாட்டுகளைப் பாதி நேரம் போடட்டும். மீதி நேரத்தில் ‘நான்’, ‘தேன்மழை’, ‘மறக்க முடியுமா’, ‘தங்கச் சுரங்கம்’ ஆகியவற்றைப் போடட்டும். அந்தப் பாட்டுகளில் வயலின்கள் எங்கே நுழைகின்றன, எங்கே ஒதுங்கிக் குரலுக்கு வழிவிடுகின்றன என்பதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் ஊர் காது கொடுத்துக் கேட்கட்டும்.