விடுதலைத் தீர்ப்புக்கு மேலும் ஒரு படி உண்டு

கொலை வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. எதிரிகள் விடுதலை. "அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே, இனிமே என்ன இருக்கு?" என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கலைந்து விடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கோ அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சாவு விழுந்த மாதிரி இருக்கும். சகோதரிகளே, அந்தத் தாய்க்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. அதுதான் அப்பீல்.

முன்பெல்லாம் விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை அரசாங்கத்துக்குத்தான் இருந்தது. அரசாங்கம் சும்மா இருந்துவிட்டால் குடும்பத்தாரால் சீராய்வு மனு போட மட்டுமே முடியும். 2009 டிசம்பர் 31-லிருந்து சட்டம் மாறிவிட்டது. பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம். இறந்தவரின் வாரிசும் பாதிக்கப்பட்டவர்தான். இதற்கு ஹைகோர்ட்டில் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இந்த உரிமை 413-ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது.

ஒரு தாயின் வழக்கு

ஓமலூர் கோகுல்ராஜை நாம் மறந்திருக்க மாட்டோம். இன்ஜினீயரிங் படித்த பையன். வேறு சாதிப் பெண்ணோடு பழகினான் என்பதுதான் அவன்மேல் இருந்த கோபம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்று தோன்றும்படி எல்லாம் செய்திருந்தார்கள். தாயார் சித்ரா அதை நம்பவில்லை. நாமக்கல்லில் சாட்சிகள் பல்டி அடித்தபோது, வழக்கை வேறு ஊருக்கு மாற்றும்படி மனு போட்டார். 2019-ல் வழக்கு மதுரைக்குப் போனது.

2022 மார்ச்சில் மதுரை கோர்ட் யுவராஜ் உள்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்து, 5 பேரை விடுதலை செய்தது. தண்டனை பெற்றவர்கள் அப்பீல் போனார்கள். அந்த 5 பேரின் விடுதலையை எதிர்த்து சித்ராவும் அப்பீல் போனார். ஹைகோர்ட் நீதிபதிகள் சம்பவம் நடந்த இடங்களுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2-ல் தீர்ப்பு வந்தது. 8 பேரின் ஆயுள் தண்டனை உறுதியானது. 2 பேருக்கு 5 வருஷமாகக் குறைந்தது. 5 பேரின் விடுதலையோ அப்படியே நின்றது.

அப்பீல் போட்டால் ஜெயித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கீழ்க் கோர்ட் விடுதலை செய்தவரை நிரபராதி என்றே வைத்துத்தான் ஹைகோர்ட் பார்க்கும். சாட்சியத்தை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள இடமிருந்தால் விடுதலையில் கை வைக்காது. ஆகவே கண்ணீரை விட, தீர்ப்பில் எந்தச் சாட்சியைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று எடுத்துக் காட்டுவதுதான் உதவும்.

என்ன செய்யலாம்?

1. தீர்ப்பு நகலுக்கு உடனே மனுப் போடுங்கள். அரசாங்கம் அப்பீல் செய்யும் என்று கையைக் கட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். 90 நாளுக்குள் முடிக்கப் பாருங்கள்.

2. பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். ஷூ கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டால் கூலி போச்சு என்று இருக்கும் பெண்கள் எங்கள் வேலூர், ஆம்பூர் பக்கம் எத்தனையோ பேர். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. வேலூர் மாவட்டக்காரர்கள் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேட்டால் போதும். 15100 என்ற எண்ணுக்கு போனும் செய்யலாம்.

3. கோர்ட் காகிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பையில் போட்டு, விஷயம் தெரிந்த இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்பீல் செய்தவர் நடுவில் இறந்துவிட்டாலும் வாரிசுகள் தொடரலாம் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

4. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். வாய்தா நாளிலும் வேளைக்கு ஒரு வாய் சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் குழந்தைகளிடம் எப்போதும் கோர்ட் பேச்சே பேசாதீர்கள். அவர்களுக்கும் அம்மா வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களான நம்மாலும் ஆவது உண்டு. அந்தத் தாய் கோர்ட்டுக்குப் போகும் நாளில் கூடத் துணைக்கு ஒருத்தி போகலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் அவள் பிள்ளைக்கு ஒரு தட்டு சோறு போடலாம். "இன்னுமா கேஸ் நடக்குது?" என்று மட்டும் கேட்காமல் இருப்போம்.