ஆள் தப்பினார், தோள் என்னாயிற்று?

வாயிலோ தொண்டையிலோ தோன்றும் புற்றுநோய் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுமாயின், அவற்றைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவது வழக்கம். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நம் நாட்டில், ஆண்களை மிகுதியாகப் பீடிப்பது வாய்ப்புற்றே ஆதலின், இச் சிகிச்சை நமக்குப் புதியதன்று. “ஆள் தப்பிவிட்டார்” என்று வீட்டார் ஆறுதலடைகின்றனர். சில வாரங்கள் செல்லத்தான் வேறொரு குறை தலைகாட்டுகின்றது. சட்டைக் கையினுள் கரம் நுழைய மறுக்கின்றது. தோளிற் சால்வை நில்லாது வழுகுகின்றது. கொடியிற் சேலை உலர்த்தப் போன பெண் பாதியிலே கையைத் தாழ்த்தி விடுகிறாள்.

கழுத்தில் வெட்டியதற்கும் கைக்கும் என்ன தொடர்பு? மூளை நரம்புகள் பன்னிரண்டு சோடியுள் பதினோராவது, கழுத்தின் பக்கமாக இறங்கி, பிடரியிலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் விரிந்து கிடக்கும் டிரபீசியஸ் என்னும் பெருந்தசையை இயக்குகின்றது. அந்நரம்பு அறுபட்டால் தோள் சரியும். பக்கவாட்டில் உயர்த்தும் கை, பலருக்குத் தோள்மட்டத்தை அண்மித்ததும் நின்றுவிடும். 1906 இல் அமெரிக்க வைத்தியர் கிரைல் விவரித்த சிகிச்சைமுறை பல்லாண்டுகள் கோலோச்சியது. அம்முறையில் நரம்பும் சேர்ந்தே போயிற்று. 1963 இல் ஆர்ஜென்டீனாவின் சுவாரெஸ் முதலியோர் அதனைக் காக்கும் வழியை எடுத்துரைத்தனர். எனினும், காக்கப்பட்ட நரம்பும் இழுபட்டு மாதக்கணக்கிற் சோர்ந்திருப்பதுண்டு.

ஆகவே இழப்பு எவ்வளவு என்று அளக்க வேண்டியதாகின்றது. கோணமானி வைத்துப் பாகையை அளப்பது எளிது. ஆனால் 90 பாகையே உயரும் கை, மேசையிலிருந்து எழுதுபவருக்கு ஒருவாறு போதும்; சுவருக்குச் சாந்து பூசும் மேசனுக்கோ பிழைப்பே போயிற்று! 1987 இல் கொன்ஸ்ரன்ற், மேளி என்னும் இருவர் வெளியிட்ட அளவுமுறையில் மொத்தம் 100 புள்ளிகள். அவற்றுள் நோவுக்கு 15, அன்றாட அலுவலுக்கு 20. எஞ்சிய 65 உம் அசைவுக்கும் பலத்துக்குமே.

நோயாளியையே கேட்கும் வினாக்கொத்துகள் பின்னர் வந்தன. 1996 இல் வெளியான ‘டாஷ்’ 30 வினாக்கள் கொண்டது. அதில் ஒரு நுட்பம்: எந்தக் கையாற் செய்கிறீர் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. வலக்கை இயலாது இடக்கையாற் சமாளிக்கப் பழகியவர் அதிலே நலமுடையவராகத் தோன்றக்கூடும். 2002 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இச் சிகிச்சை பெற்றோருக்கென்றே 10 வினாக்கள் வகுத்தனர்: தலைவாரவும் உடுக்கவும் முடிகின்றதா, மேலிருக்கும் பொருளை எட்டி எடுக்க இயலுமா, தொழிலுக்கு இடையூறுண்டா என்பன போல. அதில் 100 என்றால் முழுநலம். டாஷிலோ 100 என்றால் முழு இயலாமை. எண்ணை மட்டும் கேட்டு மகிழவோ கலங்கவோ வேண்டாம்.

எந்த வினாக்கொத்தாயினும், “பரவாயில்லை, டொக்டர்” என்று பணிவுடன் சொல்லும் நம்மவர் வழக்கத்தின்முன் அது தோற்றுவிடும். சட்டை மாட்டிவிடும் மனைவியோ மகளோ உடன்சென்று உள்ளதை உரைப்பது நன்று. உரைப்பதால் வீணில்லை: 2008 இல் கனடாவில் 52 பேரிடம் நடந்த ஆய்வில், எடையைப் படிப்படியாகக் கூட்டிய 12 வாரப் பயிற்சி தோள்நோவையும் இயலாமையையும் குறைத்தது. சத்திரசிகிச்சைக்கு முன்பே ஒருமுறை அளந்து குறித்து வைக்குமாறு கேட்டுக்கொண்டால், பின்னர் ஒப்பிட ஓர் அளவு கையிலிருக்கும்.