தன்னிடமும் பரிவு வேண்டும்

தேர்வில் தவறிய மாணவனுக்கு அவன் நண்பன் ஆறுதல் கூறுகிறான். மறு ஆண்டு தானே தவறினால், "நான் எதற்கும் உதவாதவன்" என அந்நண்பன் தன்னையே கடிந்துகொள்கிறான். பிறருக்கு வழங்கும் பரிவைத் தனக்கு மறுக்கும் இவ்வழக்கம் கவலையைப் பெருக்கி, உறக்கத்தையும் உழைப்பையும் குன்றச் செய்கிறது.

மனச்சோர்வுற்றோரிடம் தம்மைப் பற்றிய இழிவான எண்ணங்கள் தாமாகவே எழுவதை அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் கண்டறிந்தார். எண்ணம் வேறு, உண்மை வேறு என ஆராயப் பழக்குவதே அவர் வகுத்த சிகிச்சையின் அடிப்படையாகும். எழும் எண்ணத்தைத் தாளில் எழுதுதல், அதற்குச் சார்பான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் வரிசைப்படுத்துதல், நண்பனுக்குக் கூறும் சொல்லையே தனக்கும் கூறுதல் ஆகியன எளிய பயிற்சிகள்.

இது சோம்பலுக்கு இடமளிக்கும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. "ஒரு பாடத்தில் தவறினேன்; மீண்டும் எழுதலாம்" என்னும் முடிவு குறையை மறைப்பதில்லை; அதைத் திருத்தும் துணிவைத் தருகிறது.

எனினும், கவலை வாரக்கணக்கில் நீடித்து அன்றாடப் பணிகளைத் தடுக்குமாயின், தனிமுயற்சி மட்டும் போதாது. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. மனநல சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். உதவி கோருவது பலவீனமன்று. தன்னிடம் காட்டும் பரிவின் முதற்படியே அது.