வானூர்தி வலவர்க்குரிய தகுதியும் ஓய்வும்

ஆகாயத்திற் செல்லும் ஊர்தியைப் பற்றிய எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், நல்வினை செய்து முடித்தோர் எய்தும் வானவூர்தியானது பாகன் ஒருவன் செலுத்தாமலே செல்லும் என்று புறநானூற்றிற் குறிக்கின்றார். செலுத்துவோன் இல்லாத ஊர்தி மறுமைக்குரியது. இம்மையிலுள்ள நமக்கோ வலவன் ஒருவன் வேண்டியிருக்கின்றது. திருத்தக்கதேவர் கூறும் மயிற்பொறி இதனினும் நமது பொருளுக்கு அணிமையானது. சச்சந்தன் அப்பொறியைச் செய்வித்ததோடு நில்லாது, தன் தேவி விசயைக்கு அதனை இயக்கும் முறையையும் பயிற்றுவித்தான். ஆயினும் நிறைசூலியாய் அதன்மீது ஏறிச் சென்ற அவ்வரசி, கட்டியங்காரனுடைய வெற்றி முரசைக் கேட்டவளவிலே மூர்ச்சித்தாள். பொறியும் ஊர்ப்புறத்துச் சுடுகாட்டிற் சென்றிறங்கிற்று. பயிற்சி இருந்தது, உடலும் உள்ளமும் அவ்வேளையிற் பயிற்சிக்குத் துணைநின்றில. விமானமோட்டிகளைப் பற்றி இன்று உலகத்து அரசாங்கங்கள் இயற்றியுள்ள விதிகள் யாவும் இவ்விரண்டையும், இவற்றோடு ஓய்வு என்னும் மூன்றாவதொன்றையும் பற்றியனவே.

காவிரியின் கீழ்க்கரையில், ஈரோட்டிற்கு எதிரே அமைந்த பள்ளிபாளையத்தில் விசைத்தறியின் ஒலியும் காகித ஆலையின் சங்கும் கேட்டு வாழ்வோர்க்கு விமானமோட்டியின் ஓய்வைப்பற்றி என்ன கவலை என்று சிலர் வினவலாம். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சேலம் விமான நிலையம் நெடுங்காலம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. மத்திய சர்க்காரின் உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சிறு விமானம் ஒன்று ஓடத் தொடங்கிற்று. அதுவும் நின்றபின், 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன. இவ்வாறு வந்தவை எழுபதின்மர் அளவினர் ஏறத்தக்க சுழல்விசிறி விமானங்கள். இவற்றினும் சிறியனவாய், வாடகைக்கு எடுக்கப்படும் ஆறு அல்லது எட்டுப்பேர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் தேர்தற் காலத்திலும், செல்வர் வீட்டுத் திருமணங்களிலும், நோயாளரைப் பெருநகர் மருத்துவசாலைக்குக் கொண்டுசெல்லும் அவசரத்திலும் வருவதுண்டு. இச்சிறு ஊர்திகளைப் பற்றியே இங்குச் சிறப்பாக எழுதக் கருதுகின்றோம்.

முதலிற் கல்வித் தகுதி. நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டமும், அதன்வழிப் பிறந்த 1937-ஆம் ஆண்டு விதிகளும் தொண்ணூறாண்டளவு இத்துறையை ஆண்டன. 2025 ஜனவரி முதல் தேதியன்று பாரதீய வாயுயான் அதிநியம் என்னும் புதுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. மாணவ விமானி 16 வயதிலும், சொந்தப் பயன்கருதிப் பறப்போன் 17 வயதிலும், கூலி பெற்றுப் பறப்போன் 18 வயதிலும் உரிமம் பெறலாம். சொந்தப் பயனுக்காயின் 40 மணி நேரம் பறந்திருத்தல் போதும். கூலிக்காயின் 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி தானே தலைவனாயிருந்து செலுத்தியதாதல் வேண்டும். இரவிற் பறத்தலும், வெளியே ஒன்றும் தோன்றாதபோது கருவிகளை மட்டும் நோக்கிப் பறத்தலும், வழியில் இரு நிலையங்களில் இறங்கி 300 கடல் மைலுக்குக் குறையாத தூரம் சென்று வருதலும் அக்கணக்கினுள் அடங்கும். பெருவிமானத் தலைவர்க்குரிய உயர்ந்த உரிமத்திற்கோ 21 வயதும் 1500 மணியும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றோர்க்கே கூலி விமானியின் உரிமம் என்பது பல ஆண்டுகளாக வழங்கிய விதி. கலைப்பிரிவு மாணாக்கர்க்கும் வாயிலைத் திறக்கலாம் என்னும் ஆலோசனை 2025-இல் எழுந்தபோது எம் தமிழ் வகுப்பிற் சிலர் முகம் மலர்ந்தனர். பயிற்சிக்கட்டணம் இலட்சக்கணக்கில் ஆகும் என்றறிந்தபின் அம்மலர்ச்சி குவிந்துவிட்டது.

200 மணி என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். திங்கட்கு நூறு மணிக்கு மேற் சாலையிற் கழிக்கும் சங்ககிரி லாரி ஓட்டுநர் இரண்டு திங்களில் அதனைக் கடந்துவிடுவார். ஆதலின் உரிமம் பெற்றதனாலேயே ஒருவனைத் தனியே பிரயாணிகளோடு அனுப்பிவிடுதல் தக்கதன்று. அமெரிக்காவில், அட்டவணையின்றி வாடகைக்கு ஓடும் சிறு விமானத்தின் தலைவன் தெளிந்த வானத்திற் பறப்பதற்கு 500 மணியும், மேகத்தினுள் கருவிகளை நம்பிப் பறப்பதற்கு 1200 மணியும் அனுபவமுடையனாதல் வேண்டும் என்று தனி விதி வைத்துள்ளனர். தகுதி என்பது தேர்வில் வென்றது மட்டும் அன்று, எவ்வகை வானத்தில் எத்தனை நாழிகை இருந்தான் என்பதுமாம் என்னும் கருத்து இதன்கண் விளங்குகின்றது. 2001 செப்டம்பர் 30-இல் மாதவராவ் சிந்தியா, உத்தரப் பிரதேசத்து மைன்புரிக்கு அருகே சிறு விமானம் ஒன்று வீழ்ந்து தம்முடன் வந்தோரோடு உயிர்நீத்தார். கான்பூரிற் பொதுக்கூட்டம் காத்திருந்தது, வானமோ கெட்டிருந்தது. கூட்டம் காத்திருக்கும்போது ‘இன்று போகவியலாது’ என்று சொல்லும் துணிவை எந்த உரிமத்திலும் எழுதிக் கொடுக்க இயலாது.

அடுத்தது தேகநிலை. கூலி விமானிக்கு முதல் வகுப்பு வைத்தியச் சான்று வேண்டும். மாணவனுக்கும் சொந்தப் பயனுக்குப் பறப்போனுக்கும் இரண்டாம் வகுப்புப் போதும். கண்பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல், செவி, இருதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், மனநிலை ஆகியவை ஆராயப்படும். பெங்களூரில் உள்ள விமானப்படையின் ஆகாய வைத்திய நிலையம் தென்னாட்டார்க்கு இத்துறையிற் பெயர்பெற்ற இடம். சர்வதேச விதிப்படி முதல் வகுப்புச் சான்று 12 திங்கள் செல்லும். 40 வயது கடந்தவர் தாம் ஒருவராகவே பிரயாணிகளை ஏற்றிச் செல்வாராயின் அது 6 திங்களாகக் குறையும். இருவராய்ச் செலுத்தும் கூலி விமானத்தில் 65 வயது வரையும், ஒருவராய்ச் செலுத்துவதில் 60 வயது வரையுமே சர்வதேசப் போக்குவரத்திற் பறக்கலாம். ஒருவனே செலுத்தும் சிறு ஊர்தியில் விதி கடுமையாதற்குக் காரணம் வெளிப்படை: விசயையைப்போல் அவன் மூர்ச்சித்தால், பக்கத்திலிருந்து கைகொடுப்பார் இலர், இக்காலத்து ஊர்தி தானே மெல்ல இறங்கி நிற்பதும் இல்லை.

மதுவைப் பற்றி நம் நாட்டு விதி சாலவும் கடியது. பறப்பதற்கு முன் 12 மணி நேரத்திற்குள் மது அருந்தலாகாது. மூச்சுப் பரிசோதனையும் உண்டு. முதன்முறை பிடிபட்டால் மூன்று திங்களும், மறுமுறை மூன்று ஆண்டும் உரிமம் நிறுத்தப்படும். மும்முறையாயின் அது பறிபோகும். மதுவை மணத்தால் அறியலாம். உறக்கக் குறைவை அவ்வாறு அறிதற்கில்லை. ஆயினும் 17 மணி நேரம் இடையறாது விழித்திருப்பவனுடைய கைத்திறமும் கருத்தும், மது சிறிது அருந்தியவனுடைய நிலைக்குத் தாழ்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-இல் அளந்து காட்டினர்.

இனி ஓய்வு. இதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. 2010 மே 22-ஆம் நாள் விடியற்காலையில் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். 8 பேரே பிழைத்தனர். ஓட்டறையின் ஒலிப்பதிவை ஆராய்ந்தோர், தலைவர் பயணத்தின் பெரும்பகுதியும், ஒரு மணி நாற்பது நிமிஷமளவு, உறங்கியிருந்தார் எனக் கண்டனர். உறக்கத்திலிருந்து திடீரென எழுந்தவனுக்குச் சிறிது நேரம் அறிவு மந்தமாயிருக்கும்; அம்மந்தம் தீருமுன் அவர் இறக்கவேண்டியதாயிற்று. அவ்விமானம் பெரியது, கம்பெனியும் பெரியது. ஆயினும் மனிதனுடைய உறக்கம் விமானத்தின் அளவை நோக்கி வேறுபடுவதன்று. பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணிவரை உடல் தானே தாழ்ந்து இயங்கும் வேளை. இராத் தறியில் நிற்கும் பள்ளிபாளையத்துத் தொழிலாளிக்கு இதனை வைத்திய நூல் சொல்லவேண்டுவதில்லை. நூலிழை அறுந்தும் கண் அறியாத வேளை எது என்று அவரே சொல்வார்.

விதிகள் ஈண்டு இருவகை நேரத்தைப் பிரித்துக் கூறுகின்றன. விமானம் புறப்படுதற்கென அசையத் தொடங்கியது முதல் மீண்டும் நிற்பது வரையுள்ளது பறக்கும் நேரம். விமானி பணிக்கு வந்து கையெழுத்திட்டது முதல் கடைசிப் பயணம் முடியும்வரை உள்ளது பணி நேரம். இவ்வேறுபாட்டை அறியாதார் பலர். சிறு விமானத்தில் வரும் கேடெல்லாம் இதன்கண்ணே பிறக்கின்றது. ஓர் உதாரணம் காண்போம். சேலத்து ஆலை முதலாளி ஒருவர் சென்னைக்கு விமானம் அமர்த்துகின்றார் என்று கொள்வோம். விமானி காலை 5 மணிக்கு வந்து வானிலைச் செய்தியை வாங்கி, எண்ணெயை அளந்து, மூட்டைகளையும் தாமே ஏற்றி 6 மணிக்குப் புறப்பட்டு 7 மணிக்குச் சென்னை சேர்கின்றார். நண்பகலுக்குள் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற முதலாளி, மாலை கடந்து, இரவு 8 மணிக்கே ஏறுகின்றார். 9 மணிக்குச் சேலம். பறந்தது இரண்டே மணி. பணியோ 16 மணி. ‘இரண்டு மணி வேலைக்கா இத்தனை களைப்பு’ என்று முதலாளி கேட்பார். அவர் காரின் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டே வீடு செல்வார்.

அட்டவணைப்படி ஓடும் கம்பெனிகட்கு நம் நாட்டு விமானத்துறை இயக்குநரகம் வகுத்த அளவுப்படி, இருவர் செலுத்தும் விமானத்திற் பணி நேரம் 13 மணியைத் தாண்டலாகாது; ஆண்டிற்குப் பறக்கும் நேரம் 1000 மணியைத் தாண்டலாகாது. மேற்கூறிய 16 மணி அவ்வளவிற் பொருந்தாது என்பது தெளிவு. படுத்துறங்கத் தக்க அறையை இடையிலே கொடுத்தால், அவ்வோய்வின் ஒரு பகுதியளவுக்குப் பணி நேரத்தை நீட்டலாம். நிலையத்து நாற்காலி அறையாகாது. 2024 ஜனவரியில் வெளியிட்ட திருத்தத்தில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இரவு எனக் கொள்ளப்பட்டது. இரவிற் பணி 10 மணிக்குள்ளும், தரையிறங்குதல் இருமுறைக்குள்ளும் அடங்கவேண்டும் எனப்பட்டது. ஏழாம் நாளில் ஓய்வு என்னும் மோசேயின் கட்டளையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த நமக்கு, ஓய்வு இரண்டு நாளாக வளர்ந்தது வியப்பன்று. அதனை நிறைவேற்றுதற்கு ஏற்பட்ட இழுபறியே வியப்பு. கம்பெனிகள் காலம் கேட்டன. விதி 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு தவணையாக அமலுக்கு வந்தது. டிசம்பரில், நாட்டின் மிகப்பெரிய கம்பெனி போதிய விமானிகளை அமர்த்திக்கொள்ளாமையால் ஆயிரக்கணக்கான பயணங்களை நிறுத்தியது. பிரயாணிகள் நிலையங்களிற் படுத்துக்கிடந்தனர். சர்க்கார் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தவேண்டியதாயிற்று. ஓய்வு கொடுத்தமையால் விமானம் நின்றது என்று பலர் பேசினர். ஆள் சேர்க்காமையால் நின்றது என்பதே நம் துணிபு.

பெருங் கம்பெனியே இப்பாடுபடின், இரண்டு விமானமும் மூன்று விமானிகளும் வைத்திருக்கும் சிறு கம்பெனியின் நிலை சொல்லவேண்டா. அங்கு ஒருவர் ஓய்வெடுத்தால் ஒரு விமானம் நிற்கும். அமெரிக்க விதியில் ஒரு விநோதம் உண்டு. பெருங்கம்பெனிப் பிரயாணி விமானிக்கு 365 நாளில் 1000 மணி என்று வரையறுத்த அந்நாட்டார், அட்டவணையின்றி ஓடும் சிறு விமானிக்கு ஆண்டில் 1400 மணி வரை இடங்கொடுத்துள்ளனர். ஒருவராய்ச் செலுத்தின் 24 மணியில் 8 மணி, இருவராயின் 10 மணி என்பது அங்குள்ள பொது அளவு. 2009 பிப்ரவரியில் பபலோ நகருக்கு அருகே சிற்றூர்களை இணைக்கும் கம்பெனி ஒன்றின் விமானம் வீழ்ந்து 50 பேர் இறந்தபின்னரே அந்நாட்டில் ஓய்வு விதிகள் புதுக்கப்பட்டன. அப்புதுக்கம் சிறு வாடகை விமானங்களை எட்டவில்லை. துணை குறைந்தவனுக்கு வேலை மிகுதி என்னும் இந்நியாயம் நமக்கு விளங்கவில்லை.

பழைய வீரச்செயல்களை இவ்விதிகளின் அளவுகோலால் அளத்தல் ஒருவாறு சங்கடமானது. 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. தாதா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொணர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாய்ச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஒற்றை எந்திரமும் ஒற்றை மனிதனும். 1951-இல் உஷா சுந்தரம் அம்மையார், தம் கணவரோடு, சென்னை சர்க்காருக்கென வாங்கிய ‘டவ்’ என்னும் சிறு விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்திற் செலுத்தி வந்தார். பெண்ணொருத்தி வானையாண்ட அச்செய்தி நமக்குப் பெருமிதம் தருவது. எனினும் இருவர் பணிக்கு 13 மணி என்னும் இன்றைய அளவில் அது இருமடங்குக்கு மேற்பட்டது. பணம் கொடுத்த பிரயாணிகள் பின்னே அமர்ந்திருப்பின் அதனை எவரும் அனுமதியார். நற்செய்தி ஊழியத்திற்காக 1945-இல் தோன்றிய விமான ஊழியச் சங்கத்தார், தனித்த சிறு விமானங்களையே காடும் மலையும் கடந்து செலுத்துவோர். முதல் விமானியான பெட்டி கிரீன் அம்மையார் 1946-இற் புறப்பட்ட காலத்துத் துணிவை இன்று எழுதப்பட்ட அளவுகளுக்குள் அடக்கியே அவர்களும் நடத்துகின்றனர்.

தரையில் ஓடும் ஊர்திக்கும் நம் நாட்டில் இத்தகைய சட்டம் உண்டென்பது பலர்க்குச் செய்தியாயிருக்கும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநர்க்கு நாளொன்றுக்கு 8 மணியும், வாரத்திற்கு 48 மணியும் என்றே வரையறுத்தது. நெடுவழிக்குச் சிறிது கூட்டிக்கொள்ள இடமிருந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரியால் வாழும் குடும்பங்கள் எண்ணிறந்தன. அவ்வீடுகளில் இச்சட்டத்தின் பெயரைக் கேட்டால் நகைப்பே விடையாக வரும். விமானியின் மணிக்கணக்கு குறிப்பேட்டில் ஏறுகின்றது, அதனைக் கேட்பாரும் உளர். லாரி ஓட்டுநரின் மணிக்கணக்கு அவர் கண்ணின் சிவப்பில் மட்டும் ஏறுகின்றது. சிறு வாடகை விமானம் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது. உரிமத்திலும் வைத்தியச் சான்றிலும் அது பெருவிமானத்தை ஒக்கும். வாடகைக்கு எடுத்தவர் வரும்வரை காத்துக்கிடப்பதில் லாரியை ஒக்கும்.

ஆதலின் விமானத்தை அமர்த்துவோர்க்குக் கொடுக்கும் வாடகைச் சீட்டிலேயே, விமானியின் பணி இன்ன மணிக்குத் தொடங்கிற்று, இன்ன மணிக்குமேல் இவ்விமானம் எழும்பாது என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது எம் கருத்து. அம்மணி கடந்தபின் வருவோர்க்கு இரவு தங்கும் அறைக்கூலியும், விமானிக்குரிய அறைக்கூலியும் அவர் கணக்கிலேயே சேரும் என்றும் அதன்கீழ் ஒரு வரி எழுதலாம். சென்னையில் மாலைவரை வேலையிருக்கும் ஆலை முதலாளி, அவ்வரியைப் படித்தபின் நண்பகலிலேயே நிலையத்திற்கு வந்துவிடுவார். அல்லது காலையில் இரண்டாம் விமானியையும் உடன் அனுப்பச் சொல்வார்.